மூன்று துண்டு தேவதாரு

மாதிரிக்குப் பாலிஷ் அடித்த மூன்று துண்டுகளையும் மகளுக்குச் செய்த பெட்டியின் மூடிமேல் வரிசையாக வைத்து, "நான் வர்றதுக்குள்ள ஒண்ணச் சொல்லிரு ளா, வெயில் தாழறதுக்கு முன்னால முதல் கை பாலிஷ் அடிச்சாத்தான் நாளைக்குக் காயும்" என்று சொல்லிவிட்டு இஞ்ஞாசி லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார், பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய அந்த இன்னொரு பெட்டி ஆடாமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு. எந்தச் சாவு வீட்டுக்கு என்று மனைவி பிரகாசி கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. காலையில் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றால் அவர் உயரம் மட்டும் கேட்பார், அவள் உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றுவாள், அந்த ஆத்துமாவுக்கு, பேர் தெரியாத ஆத்துமாவுக்கு, ஆண்டவருக்குத் தெரியாதா பேர். இன்றைக்கும் ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள், மூன்று துண்டையும் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்துவிடலாம், முடிக்கும்போது எது என்று மாதா காட்டிக்கொடுத்துவிடுவாள் என்ற நினைப்பில். முதல் துண்டு கருஞ்சிவப்பு, சாயம் ஏற்றி வார்னிஷ் அடித்தது, ஈட்டி மரம் என்று சொன்னால் நம்புவார்கள். இரண்டாவது மெலமைன் பூச்சு, கண்ணாடி மாதிரி, குனிந்தால் அவளுடைய மூக்குத்திகூடத் தெரிந்தது. மூன்றாவது வெறும் எண்ணெய், லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் தேய்த்துத் துடைத்தது, பளபளப்பு இல்லை, மரம் மரமாகவே இருந்தது, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட பிள்ளை மாதிரி. "இந்த ரெண்டும் ஒருக்க அடிச்சா அடிச்சதுதான், பேரப்பிள்ளை காலம்வரை திரும்பிப் பாக்க வேண்டாம்" என்று அவர் சொன்னார், "இது அப்படி இல்ல, வருஷத்துக்கு ஒருக்க தேய்க்கணும், இல்லன்னா வெளுத்துரும். சும்மா காட்டணுமேன்னு வச்சேன். இதுக்கு யாரு மெனக்கெடுவா." சரி, அப்படியானால் இரண்டில் ஒன்று. அருள் நிறைந்த மரியே. இரண்டில் ஒன்று என்று ஆன பிறகு சுலபமாகத்தானே இருக்க வேண்டும்.

சுலபமாக இல்லை. கருஞ்சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் கண் அதன்மேல் ஒரு சிலுவையைத் தானாக வரைந்துவிடுகிறது, நடுவில், கொஞ்சம் மேலே, வழக்கமாக அவர் அடிக்கிற இடத்தில். அவருக்கு வேறென்ன தெரியும், முப்பது வருஷமாக அந்தக் கை அந்தச் சாயத்தைத்தான் கலக்குகிறது. இந்த வேலையை எடுத்த அன்றைக்கே கைப்பிடி வாங்கக் கடைக்குக் கிளம்பினவர் வாசல்வரை போய்த் திரும்பி, "நாலு போதுமா, ஆறா" என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார், பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், சிரிப்பு முடியும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஆறு கைப்பிடி எதற்கு, ஆறு பேரா தூக்கப்போகிறார்கள், சேலை வைக்கிற பெட்டியை. ஜெனிட்டா கேட்டது சேலை வைக்கத்தான். கல்யாணம் நிச்சயமான வாரம், திருநெல்வேலியில் பாங்கு வேலையிலிருந்து லீவில் வந்திருந்தாள், ராச்சோறு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள், "அப்பா, எனக்கு ஒரு பெட்டி செஞ்சு தாங்க." இஞ்ஞாசியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிரகாசி சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டாள், ஏட்டி, என்ன பேச்சு பேசுத, கல்யாணப் பொண்ணு. ஜெனிட்டாவுக்கு அப்புறம்தான் உறைத்தது, "சேலை வைக்கம்மா! சேலை! பூச்சி அரிக்காம இருக்க. அந்த மரத்துல செய்வாங்கல்லா, வாசமா இருக்குமே." தேவதாரு, என்றார் இஞ்ஞாசி, மெதுவாக, ஒரு பெரிய மனிதர் பேரைச் சொல்கிற மாதிரி. மறுநாளே துறைமுகத்து மரக்கடையில் போய்க் கப்பலில் வந்த பலகையாகப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதுவரை மாம்பலகை தவிர வேறு எதையும் தொடாத பட்டறையில் அந்த வாசம் வந்து உட்கார்ந்தது. கோயில் வாசகத்தில் கேதுரு, கேதுரு என்று வருமே, அதுவும் இதுவும் ஒன்றா என்று சாமியாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் சிரிப்பாரோ. எட்டாவதோடு நின்ற படிப்புக்கு எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எத்தனையாவது மணி இது. விரல் ஒரு மணியில் நிற்கிறது, ஆனால் அது ஆறாவதா ஏழாவதா தெரியவில்லை, கூடச் சொன்னால் மாதா கோபிக்கவா போகிறாள், ஆறிலிருந்து சொல்வோம்.

அது மட்டும் என்றால் மெலமைனைச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். முந்தாநாள் ஒன்று நடந்தது, நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தூசி படியாமல் இருக்கட்டும் என்று சாப்பாட்டு மேசை விரிப்பை எடுத்து வந்து பெட்டிமேல் போட்டாள். இந்தப் பக்கம் துணி விளிம்பு சரியாக மரத்தின் ஓரத்தில் நின்றது. அந்தப் பக்கம் கொஞ்சம் மிஞ்சித் தொங்கியது. இழுத்துச் சரிசெய்தாள், மறுபடி அப்படியே. துணிதான் கோணல் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் அந்தப் பக்கமே தொங்கியது. பிறகு கையால் சாண் போட்டுப் பார்த்தாள். ஒரு முனையில் அகலம், மறுமுனையில் ஒரு விரல்கடை குறைச்சல். தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் ஒடுக்கம். தோளுக்கு இடம் விட்டு, பாதத்துக்குக் குறுக்கி. சேலைக்கு ஏது தோள், ஏது பாதம், சேசுவே. அவர் வேண்டுமென்றா செய்தார், மட்டப் பலகை வைத்து, பென்சிலைக் காதில் செருகி, ராத்திரி கனவில்கூட இழைத்துக்கொண்டு, இந்த ஒரு வேலைக்காக ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் கேட்டுக் கேட்டுச் செய்தவர். கை செய்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. அவளுக்கு மட்டும் இல்லையா, பிள்ளைகள் இரண்டும் வெளியூர் போன பிறகும் உலையில் நாலு பேருக்கு அரிசி போட்டுவிட்டு நிற்பதில்லையா. இதை எப்படி அவரிடம் சொல்ல, சொன்னால் மரம் வீண் என்று பிரித்துப் போட்டுவிடுவார், சொல்லாவிட்டால் கல்யாண வீட்டில் யாராவது விரிப்பு போடுவார்கள். இப்போது பார்க்கும்போது மெலமைன் வேண்டாம் என்று தோன்றுகிறது, அது அடித்தால் ஓரம் கத்தி மாதிரி மின்னும், மின்னுகிற ஓரத்தில் கோணல் தெரியும். கருஞ்சிவப்பு மறைத்துவிடும், ஆனால் அதில் சிலுவை தெரியும். இதை மறைத்தால் அது தெரிகிறது, அதை மறைத்தால் இது. அருள் நிறைந்த.

ஃபோன் அடித்தது. ஜெனிட்டாதான், பாங்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், பின்னால் டிபன் பாக்ஸ் மூடிச் சத்தம் கேட்டது. "என்னம்மா செய்யுத?" "ஜெபமாலை சொல்லிட்டிருந்தேன் ளா." "நடுவுல எடுத்துட்டியா, மாதா திட்டப்போறா." "மாதாவும் ஒரு பிள்ளையப் பெத்தவதான், ஃபோன் வந்தா எடுக்கத்தான் செய்வா." அவள் சிரித்தாள். பெட்டி முடிஞ்சுதா, அப்பா எங்கே, என்ன பாலிஷ். அப்பா ஒரு இடத்துக்குப் போயிருக்காக என்றாள் பிரகாசி, ஒரு இடம் என்றால் ஜெனிட்டாவுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்பா போகிற இடம் எல்லாம் ஒரு இடம்தான். "அத்தை கேட்டாங்கம்மா, பெட்டி யாரு செய்யுதான்னு." "நீ என்ன சொன்ன?" "அப்பான்னு சொன்னேன்." "அதுக்கு?" "ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்கட்டும்னாங்க." அந்த ஒண்ணும் சொல்லலவுக்கும் நல்லா இருக்கட்டுமுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும், அந்தச் சம்பந்தியம்மாளின் முகம் எப்படி இருந்திருக்கும், என்று நினைத்துக்கொண்டே இருந்ததில் பிரகாசியின் வாய் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டது. "பெட்டி கால்பக்கம் கொஞ்சம் ஒடுக்கமா இருக்கு ளா." அந்தப் பக்கம் டிபன் மூடிச் சத்தம் நின்றது. பட்டறை வீட்டில் வளர்ந்தவள், கால்பக்கம் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு மூக்கால் ஒரு சத்தம், அழுகிறாளா, இல்லை, சிரிக்கிறாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "அய்யோ அப்பா. அப்பாவுக்குத் தெரியுமா?" "தெரியாதுன்னுதான் நினைக்கேன்." "சொல்லாதம்மா. பாவம். நான் அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி வச்சுக்கிடுதேன். சரிம்மா, ஆள் வந்துட்டு, வைக்கேன்."

சுவரோட ஒட்டி. நல்ல யோசனைதான். பிரகாசி மாலையை மறுபடி எடுத்தாள், மூன்றாம் தேவ ரகசியம், மூன்றாம் தேவ ரகசியத்திலே, சுவரோட ஒட்டி. சிரித்தாளே பிள்ளை. சிரித்ததுதான் கேட்டதே. ஆனால் சுவரோடு ஒட்டி வைப்பது எதற்கு, அப்பாவின் கோணலை யாரும் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்றா, இல்லை, இது யார் செய்தது, அவர் என்ன வேலை என்று யாரும் கேட்கக்கூடாது என்றா. இரண்டும் ஒரே சுவர்தான், ஒரே பெட்டிதான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னதற்கு ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவள்தானே. ஆனால் அந்த வாரம்கூட அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காய்ச்சல் என்றாள். அப்போதும் சுவரோடுதான் ஒட்டி வைத்தாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, அவராகவே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார். அண்ணன் பேத்திக்கு ஞானஸ்நானம், எல்லாரும் பீடத்தைச் சுற்றி நிற்கிறார்கள், இவர் மட்டும் கோயில் கேட்டுப் பக்கம் செருப்பு கிடக்கிற இடத்தில், ஏன் என்று கேட்டால் காத்து வருது என்கிறார். தெருவில் பிள்ளையாண்டிருக்கிற பெண் எதிரே வந்தால் அவளுக்கு முன்னால் இவர் அந்தப் பக்கம் கடந்துவிடுவார். யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததைக் கேட்டுக் கேட்டே இந்த மனிதருக்குக் காது இப்படிக் கூர்மையாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போது, மீன் என்ன வாங்கலாம் என்று கேட்கிற குரலில், "கோயில்ல அவ கையப் பிடிச்சுக் குடுத்துட்டு நான் வந்துருவேன், மறுவீட்டுக்கு நீ போயிட்டு வா. அங்கல்லாம் நான் அடிக்கடி வந்தா நல்லா இருக்காது, பெரிய குடும்பம், ஒரு மாதிரி நினைப்பாக" என்றார். அவளும் நல்லா இருக்கட்டும் என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள். மகள் வீட்டு வாசலை மிதிக்காத தகப்பன். பேரன் பேத்தி பிறந்தால் இவர் ஃபோட்டோவில் பார்ப்பாரா. பெட்டி மட்டும் போய் அங்கே சுவரோடு ஒட்டி நிற்கும், செய்தவர் இங்கே முக்காலியில் உட்கார்ந்து அடுத்த உயரத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார். அடித்தால் அடித்ததுதான், பேரப்பிள்ளை காலம்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். துண்டுகள் சரிந்துவிடாமல் மூன்றையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் அடிக்கக்கூடாது, அடித்தால் வாசம் செத்துப்போகும் என்று சொல்லியிருந்தார், உப்புத்தாள் மட்டும் போட்டிருந்தார், தொட்டால் பிள்ளையின் கன்னம். அவள் தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தாள். முதலில் பென்சில் சீவின வாசம், பள்ளிக்கூட வாசம். அதற்கு அடியில் வேறொன்று, இனிப்பாக, சாம்பிராணி போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கோயிலில் இருக்குமே அது. இருட்டாக இருந்தது, பயமாக இருக்கும் என்று நினைத்தாள், இருக்கவில்லை, ஜெனிட்டா சின்னதில் இந்தப் பட்டறை மூலையில் மரச்சுருளைக் குவித்து அதில் புதைந்து தூங்குவாள், தூக்கி வந்தால் தலைமுடியெல்லாம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவர் ஒவ்வொன்றாக எடுப்பார், விழித்துவிடக்கூடாது என்று அவ்வளவு மெதுவாக, அந்தத் தடித்த விரலால். அந்தக் கைக்கா கோணல். அந்தக் கை அடித்த பாலிஷ் எதையாவது மறுநாள் யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா. இல்லை. ஒருத்தர்கூட இல்லை. இத்தனை வருஷமாக, காலையில் அடித்து, சாயங்காலம் மண்ணுக்குள் போய்விடும். மின்ன வேண்டியது ஒரு பொழுது, அதனால்தான் அப்படி மின்னவைக்கக் கற்றுக்கொண்டார். அது ஆறு மாசத்தில் எப்படி ஆகும், கை பட்டால் எப்படி ஆகும், அவருக்கே தெரியாது, பார்த்ததே இல்லை. ஒரு தடவை செய்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில், இந்தப் பெட்டியையும் அப்படியே அனுப்பப் பார்க்கிறார், மகளையும் அப்படியே. மாதாவே. அவள் தலையை வெளியே எடுத்தாள். கையில் மூன்று துண்டுகள் இருந்தன. இரண்டைத் தரையில் வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தது தெரிந்தது.

லோடு ஆட்டோ வந்து நின்றது. இஞ்ஞாசி வழக்கம்போல வெளிக் குழாயில் கால் கழுவி, முகம் கழுவி, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. சட்டைத் தோளில் யாருடைய கண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, ஈரம். சொம்பைக் கொடுத்துவிட்டு, "எது?" என்றார். அவள் துண்டை நீட்டினாள். "எண்ணெயா? ஏளா, சொன்னேன்லா." "கேட்டேன். வருஷா வருஷம் தேய்க்கணும்." "யாரு தேய்ப்பா? அவளுக்கு வேலைக்குப் போயிட்டு வரவே நேரம் பத்தாது. மாப்பிள்ளைக்கு மரம் எது, பிளைவுட் எதுன்னு தெரியாது." "தெரிஞ்சவுக போவணும்." அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி. "நான் அங்க போயி," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஆமா, நீங்கதான். எண்ணெய்க் குப்பியும் துணியும் எடுத்துக்கிட்டு, முன்வாசல் வழியாப் போயி, உள்ள உக்காந்து தேச்சிட்டு, அவ போடுத சோத்தத் தின்னுட்டு வரணும். ஒரு நாள்ல முடிஞ்சிருமா?" "ஒரு நாள்ல எங்க முடியும், இன்னைக்குத் தேச்சு ராத்திரி ஊறவிட்டு மறுநாள்லா துடைக்கணும்" என்றார், வேலை பேசுகிற வேகத்தில், சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளைப் பார்த்தார். "அப்ப ஒரு ராத்திரி தங்கணும்" என்றாள் பிரகாசி. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்க் குப்பியைத் தேடினார், அது அவர் காலடியிலேயே இருந்தது. துணியைச் சுருட்டி நனைத்தார், பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், கால்பக்கம் வந்து நின்று குனிந்தார். "இங்க ஒரு விரல்கடை ஒடுங்கிப்போச்சு. பாத்தியா நீ?" பார்த்தேன் என்றாள் அவள். "அதான் கருஞ்சிவப்ப அடிச்சு மறைச்சிரலாம்னு." "ஜெனிட்டாவுக்குத் தெரியும்." துணி நின்றது. "என்ன சொன்னா?" "சிரிச்சா. நீங்க பாவம்னா." அவர் அந்த ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அங்கேயிருந்தே தேய்க்க ஆரம்பித்தார், ஒடுங்கின இடத்திலிருந்து. கை போன இடமெல்லாம் மரம் விழித்துக்கொண்ட மாதிரி சிவந்து, வரி வரியாக மேலே வந்தது. பிரகாசி முக்காலியில் உட்கார்ந்து மாலையை எடுத்தாள், விட்ட மணி எது என்று தேடாமல் கையில் கிடைத்த மணியிலிருந்து ஆரம்பித்தாள். அவள் அந்தப் பத்து மணியையும் முடித்துவிட்ட பிறகு, தலையைத் தூக்காமல், தேய்த்துக்கொண்டே, மரத்திடம் சொல்கிற மாதிரி அவர் சொன்னார், "மழைக்காலமா இருந்தா ரெண்டு ராத்திரி ஆவும்."